செவ்வாய்க்கிழமை ரத்தம்

ஆட்டைக் கொன்றதற்காக நான் ஜெயக்கொடியை மன்னித்திருப்பேன். கத்தியிருப்பேன், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருப்பேன், மூன்றாம் நாள் அவள் கொண்டுவந்து வைக்கும் டீயை எடுத்துக் குடித்திருப்பேன். என் கோபத்தின் ஆயுள் அவ்வளவுதான் என்று லேபில் கூட்டிப் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும். ஆறு வருஷம் என் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவளுக்கு அது தெரியாமல் போனதை என்னவென்று சொல்வது?

1989-ஆம் வருஷம். குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் எங்கள் லேப் இருந்தது. முதலாளி அரிகிருஷ்ணன் சார். கல்ச்சர் பிரிவு என் பொறுப்பு. நோயாளியிடமிருந்து எடுத்ததைத் தட்டில் தடவி, கிருமியை வளர்த்து, அது இன்னதென்று கண்டுபிடித்து எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு உதவியாக இருந்தவள் ஜெயக்கொடி. பம்மலில் நிலமெல்லாம் வைத்திருந்து, பிறகு மனை போட்டு விற்ற குடும்பத்துப் பெண். என்னை அக்கா என்பாள், என் மகள் தபீதாள் அவளைச் சித்தி என்பாள். ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டோம் என்றால் பாதிதான் சொன்னதாக ஆகும். என் பீரோ சாவி எங்கே இருக்கிறது என்பது என் வீட்டுக்காரருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

அந்த ஆட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன் தொண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தொண்டை வலி என்று வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வைரஸ். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் நாலு நாளில் போய்விடும். மிச்சமிருக்கும் கொஞ்சப் பேருக்குத்தான் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மணி கோத்தது போல வரிசையாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், எல்லோர் தொண்டையிலும் சாதுவான ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களும் குடியிருக்கின்றன. அவையும் அதே மாதிரிதான் கோத்துக்கொண்டு நிற்கும். சாது எது, கொலைகாரன் எது என்று பிரித்துச் சொல்ல ரத்தம் வேண்டும். அகார் என்ற கடற்பாசிக் கூழில் ரத்தத்தைக் கலந்து தட்டில் ஊற்றி உறையவைத்து, அதன்மேல் தொண்டையில் எடுத்த பஞ்சைத் தடவி, ஒரு ராத்திரி உடம்புச் சூட்டில் வைத்துவிட வேண்டும். சாதுவானவை சுற்றிலும் பச்சையாகக் கறைபடுத்தும். கெட்டது மட்டும் தன்னைச் சுற்றியிருக்கும் ரத்த அணுக்களை அடியோடு கரைத்துவிடும். குண்டூசித் தலையளவு புள்ளி, அதைச் சுற்றித் தெளிந்த வட்டம். தட்டை உயர்த்திப் பிடித்தால் அந்த வட்டத்தின் வழியாக எதிர்ச் சுவரில் இருக்கும் காலண்டரில் தேதி படிக்கலாம். அப்புறம் பாசிட்ராசின் மருந்து தோய்த்த காகித வில்லை ஒன்றை வைத்துப் பார்த்து, அதைச் சுற்றி வளராமல் ஒதுங்கினால் 'ஏ' குரூப் என்று எழுதுவேன்.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். கிருமி தொண்டையோடு நின்றுவிடுவதில்லை. அதை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் ஆயுதம், இரண்டு மூன்று வாரம் கழித்து, ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த மூட்டையும் இதயத்தையும் அடிக்கத் தொடங்கும். முட்டி வீக்கம் வந்த சுவடு தெரியாமல் வடிந்துவிடும். இதய வால்வில் விழுந்த தழும்பு போகாது. தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் பென்சிலினை ஆரம்பித்து, பத்து நாள் ஒரு வேளை தப்பாமல் கொடுத்தால் இத்தனையையும் தடுத்துவிடலாம். அந்த ஒன்பது நாளுக்குள் பேச வேண்டியது என் தட்டு.

அந்தத் தட்டுக்கு ஆட்டு ரத்தம்தான் வேண்டும். நிறைய சின்ன லேப்களில் ரத்த வங்கியில் காலாவதியான மனித ரத்தத்தை வாங்கி ஊற்றிவிடுவார்கள். பெரியவர்கள் ரத்தத்தில் இந்தக் கிருமிக்கு எதிரான பொருள் ஏற்கெனவே கலந்திருக்கும், வட்டம் சரியாக விழாது. எத்தனை குழந்தைகளின் தொண்டை அப்படி 'நார்மல்' என்று எழுதப்பட்டதோ தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அரிகிருஷ்ணன் சாரிடம் மல்லுக்கு நின்று ஒரு ஆடு வாங்கவைத்தேன். பொழிச்சலூரில் எல்லம்மா வீட்டுக் கொட்டகையில், அவளுடைய ஆடுகளோடு அது நின்றது. ராணி என்று எல்லம்மாதான் பெயர் வைத்தாள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலையில் போவேன். எல்லம்மா ராணியைத் தொடை இடுக்கில் பிடித்துக்கொள்வாள். கழுத்து நரம்பில் ஊசி போட்டு ரத்தத்தை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் விட வேண்டும். குடுவைக்குள் சின்னச் சின்னக் கண்ணாடி மணிகள் போட்டிருக்கும். பத்து நிமிஷம் கை ஓயாமல் குலுக்கினால் உறைகிற நாரெல்லாம் மணிகளில் சுற்றிக்கொள்ளும், ரத்தம் உறையாமல் நிற்கும். லேபுக்கு வந்ததும் மிச்சமிருக்கும் நாருக்காக இன்னொரு தடவை குலுக்குவோம். கலகலவென்ற அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எனக்கு அன்றைய வேலை நல்லபடியாக நடக்கும் என்று தோன்றும்.

அந்த வருஷம் ஜூனில் தபீதாள் ஐந்தாம் வகுப்புக்குப் போனாள். காலையில் அவளைக் கிளப்பி அனுப்ப ஆள் இல்லை. ஜெயக்கொடி தானாகவே, "பொழிச்சலூருக்கு நான் போறேன்கா. நீங்க பாப்பாவப் பாத்துக்கங்க," என்றாள். புதுத் தட்டுகளைச் சோதிக்கும் வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள். கெட்டது என்று நிச்சயமாகத் தெரிந்த கிருமி ஒன்றைச் சின்னக் குழாயில் வளர்த்து ஃப்ரிட்ஜில் வைத்திருப்போம். ஒவ்வொரு முறை தட்டு ஊற்றும்போதும் அதைத் தடவி, வட்டம் விழுகிறதா என்று பார்த்து நோட்டில் 'சரி' என்று எழுத வேண்டும். அவள் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். கர்த்தர் எனக்குக் கொடுத்த கூடப்பிறவாத தங்கச்சி என்று அப்போது வாய்விட்டே சொன்னேன். அதை நினைத்தால் இப்போது நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆகஸ்டிலிருந்து கெட்ட கிருமி அதிகம் வரவில்லை. எப்போதாவது ஒன்றில் மங்கலாக ஒரு வட்டம். "இந்த வருஷம் தொண்டை கம்மி," என்று நானே சாரிடம் சொன்னேன். பத்து வருஷம் தட்டு பார்த்தவள், சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தேகம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் உள்ளறையிலிருந்து கண்ணாடி மணிகள் குலுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டுதானே இருந்தது.

அக்டோபர் முதல் வாரம் தபீதாளுக்குக் காய்ச்சல் வந்தது. தொண்டை சிவந்து, எச்சில் விழுங்கினால் அழுதாள். பம்மலில் டாக்டர் சம்பந்தம், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு பத்து நாளைக்குப் பென்சிலின் மாத்திரை எழுதினார். எனக்குச் சுருக்கென்றது. எதற்கெடுத்தாலும் ஆன்டிபயாடிக் எழுதும் டாக்டர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. மாத்திரை ஆரம்பிக்கும் முன் லேபுக்குக் கூட்டிப் போனேன். நான் பஞ்சுக் குச்சியை எடுத்ததும் அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஜெயா சித்தி எடுத்தாதான் தொறப்பேன்."

ஜெயக்கொடி கை கழுவிக்கொண்டு வந்தாள். "பாப்பா, ஆ காட்டு. அவ்ளோதான், அவ்ளோதான்," என்று ஒரு நொடியில் எடுத்துவிட்டாள். தட்டில் தடவியதும் அவள்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரிசல்ட் வரும்வரை இருக்கட்டும் என்று அன்று ராத்திரி மாத்திரையை ஆரம்பித்தேன்.

மறுநாளும் பார்த்தேன், அதற்கு மறுநாளும் பார்த்தேன். பச்சைக் கறை, சில வெள்ளைப் புள்ளிகள், வட்டம் எதுவும் இல்லை. சாப்பாட்டு வேளையில் ஜெயக்கொடியிடம், "வெறும் வைரஸ்தான். மாத்திரைய நிறுத்திட்டேன். டாக்டர் டார்ச் அடிச்சு பாத்ததவிட என் ப்ளேட் பெருசு. ப்ளேட் பொய் சொல்லாது," என்றேன். வீட்டில் தபீதாளிடமும் இதையேதான் சொல்லியிருந்தேன். அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "டாக்டர் சொன்னதுக்கு முழுசாக் குடுத்துடலாமேக்கா," என்றாள். "நீயுமா?" என்று அதட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் மழை. தபீதாள் வலது முட்டி வலிக்கிறது என்றாள். விளையாடி விழுந்திருப்பாள் என்று தைலம் தேய்த்தேன். இரண்டு நாளில் வலது முட்டி சரியாகி இடது கணுக்கால் வீங்கியது, பிறகு மணிக்கட்டு. ஒவ்வொரு மூட்டாக அது இடம் மாறியது. பாடப் புத்தகத்தில் படித்தது என் வீட்டுப் பாயில் படுத்திருந்தது. ஊருக்குள் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். ரத்தத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வந்துபோனதைக் காட்டும் அளவு நாலு மடங்கு ஏறியிருந்தது. இதய டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வெகுநேரம் வைத்துக் கேட்டார்.

"வால்வுல கசிவு ஆரம்பிச்சிருக்கு. முன்னாடி தொண்டை வலி வந்துச்சா?"

"வந்துச்சு சார். கல்ச்சர் பண்ணோம். ஒண்ணும் வளரல."

"எந்த லேப்?"

"குரோம்பேட்டைல ஒரு லேப்," என்றேன்.

மகளை ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரரோடு விட்டுவிட்டு மறுநாள் லேபுக்குப் போனேன். ஜெயக்கொடி அன்று லீவு. ஃப்ரிட்ஜிலிருந்து அந்தக் குழாயை எடுத்து, நிச்சயமாகக் கெட்டது என்று தெரிந்த கிருமியை அன்றைய தட்டு ஒன்றில் நானே தடவினேன். அடுத்த நாள் காலை தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குண்டூசித் தலைகள் இருந்தன. சுற்றிலும் சிவப்பு அப்படியே இருந்தது. காலண்டரில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. அந்தத் தட்டுகளுக்கு நேராக நோட்டில் அச்சடித்த மாதிரி 'சரி' என்று இருந்தது.

அப்படியே கிளம்பிப் பொழிச்சலூருக்குப் போனேன். எல்லம்மா கொட்டகை வாசலில் தழை கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சாராளு, வழி தெரிஞ்சிதா? பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டேன். எப்டி கீது?"

"ராணி எங்க எல்லம்மா?"

அவள் தழையைக் கீழே வைத்தாள். "இன்னா கேக்கற நீ? அது ஆடி மாசமே பூட்ச்சே. ஜெயக்கொடி ஊசி போடச்சொல்ல இன்னாவோ ஆயி கழுத்து வீங்கிக்கினு, மூச்சு வாங்கிச்சு. உசிரு போறதுக்குள்ள அறுத்துட்டோம். சாராள் அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன், நீ சொல்லாதன்னு அந்தப் பொண்ணு அழுதுகினே போச்சு. ஒனக்குன்னு ஒரு பங்கு கறி கூட குடுத்து வுட்டனே, தர்லியா?"

தந்தாள். ஆகஸ்டில் ஒரு நாள் சாயங்காலம் கேரியர் நிறையக் கறிக்குழம்பு கொண்டுவந்தாள். "வீட்ல விசேஷம்கா," என்றாள். தபீதாள் எலும்பைத் தட்டில் தட்டி உறிஞ்சிச் சாப்பிட்டாள். நானும் இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன். கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன். "குந்து, தண்ணி குடி," என்று எல்லம்மா சொம்பை நீட்டினாள். குடித்தால் வயிற்றில் நிற்காது என்று தெரிந்து வேண்டாம் என்றேன்.

ஜெயக்கொடி வேலைக்கு வந்த அன்று உள்ளறைக் கதவைச் சாத்தினேன். மேஜைமேல் குடுவை இருந்தது, மணிகளோடு.

"ராணி செத்து மூணு மாசம் ஆச்சு. இது யாரு ரத்தம்?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பிளட் பேங்க்ல அண்ணன் சிநேகிதர் இருக்காருக்கா. தேதி முடிஞ்சது."

"உறையாத மருந்து கலந்த ரத்தம் அது. அதக் குலுக்கவே வேணாம். செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை எதுக்குக் குலுக்கின?"

பதில் எனக்கே தெரியும். நான் கேட்பதற்காகக் குலுக்கினாள்.

"உங்ககிட்ட சொல்ல பயம்கா," என்றாள் பிறகு. "ப்ளேட்ல நாலு குமிழ் இருந்ததுக்கு, பேஷண்ட்டுங்க முன்னாடி, போய் மாடு மேய்னு சொன்னீங்க. எங்கப்பா மாடு மேய்ச்சவர்தான். அன்னைக்கு நைட்டு நான் சாப்பிடல. ஆடு செத்துப்போச்சுன்னு சொன்னா என்ன சொல்வீங்களோன்னு... ரெண்டு வாரம் சமாளிச்சிட்டு வேற ஆடு வாங்கிடலாம்னு பாத்தேன். யாரும் கண்டுபிடிக்கல. அப்புறம் சொல்றதுக்கு வழியே இல்லாமப் போச்சு."

நான் அப்படிச் சொன்னது உண்மை. சொன்னதையே மறந்திருந்தேன் என்பதும் உண்மை.

"தபி தொண்டையில நீதானே குச்சி விட்ட. அந்தத் தட்டுல தெரியாதுன்னு உனக்குத் தெரியும்ல. என் பொண்ணுடி அவ."

"மாத்திரை எழுதியிருக்குன்னு சொன்னீங்க. எப்படியும் சாப்பிடுவான்னு..."

"நிறுத்திட்டேன்னு உன்கிட்டதானே சொன்னேன். என் பக்கத்துல உக்காந்து சோறு தின்னுக்கிட்டே கேட்டியே."

அவள் வாயைத் திறந்தாள். ஏதோ சொல்ல வந்தது போலிருந்தது. சொல்லாமல் முந்தானையை வாயில் வைத்து அழுதாள். மேஜைமேல் இருந்த குடுவையை எடுத்துச் சுவரில் அடித்தேன். மணிகள் அறை முழுக்க ஓடின. வெளியே போ என்றேன். அவள் குனிந்து இரண்டு மணிகளைப் பொறுக்கி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை.

அரிகிருஷ்ணன் சார், "நடந்தது நடந்துபோச்சும்மா. வெளிய தெரிஞ்சா லேப் மூட வேண்டியதுதான்," என்றார். மூடினால் மூடட்டும் என்றேன். ஆடியிலிருந்து நான் 'நார்மல்' என்று கையெழுத்துப் போட்ட தொண்டைகள் ஐம்பத்திரண்டு. அந்த ஐம்பத்திரண்டு வீட்டுக்கும் கார்டு எழுதினேன்: அந்த ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம், குழந்தைக்கு மூட்டு வலியோ மூச்சு வாங்குவதோ இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டவும். சார் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எல்லம்மா கொட்டகையில் வேறு ஆடு வந்தது.

தபீதாளுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி. இருபத்தைந்து வயது வரைக்குமாவது போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பத்து வயதுக் குழந்தைக்கு அது எத்தனை ஊசி என்று நான் பெருக்கிப் பார்க்கவில்லை. மருந்து கெட்டியானது, இறங்கும்போது தொடையெல்லாம் தீப்பிடிக்கும். முதல் இரண்டு ஊசிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தாள். மூன்றாவது ஊசி கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால். ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், குப்புறப் படுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஜெயா சித்தி ஏம்மா வர்றதே இல்ல? சித்தி கையப் புடிச்சிக்கிட்டா வலிக்காது."

எத்தனை நாளைக்குத்தான் மூடி மறைப்பது? அந்தப் பெயரை அந்த வாயிலிருந்து கேட்டதும் என் ஆத்திரமெல்லாம் கிளம்பிக்கொண்டு வந்தது. "உனக்கு இந்த ஊசியே அவளாலதான்," என்றேன். "உன் தொண்டையில கிருமி இருக்குன்னு தெரியாம போனது அவளாலதான். தெரிஞ்சே பொய் சொன்னா. இனிமே அவ பேர எடுக்காத."

தபீதாள் தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். பயந்திருந்தாள்.

"சித்தி பொய் சொல்லலம்மா. நான்தான் பண்ணிட்டேன்."

"நீ என்னடி பண்ண?"

"என் ஜியாமெட்ரி பாக்ஸ் எடு."

எடுத்துக் கொடுத்தேன். காம்பஸ், அழிரப்பர் எல்லாவற்றுக்கும் அடியில் மடித்த காகிதத்தைத் தூக்கினாள். அதற்குக் கீழே இரண்டு அட்டை மாத்திரை. பென்சிலின். டாக்டர் சம்பந்தம் எழுதிய அதே மாத்திரை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"நீ மாத்திரைய நிறுத்தின மறுநாள் சித்தி ஸ்கூலுக்கு வந்து அவங்களே வாங்கின மாத்திரையக் குடுத்தாங்க. இத ஒண்ணுவிடாம சாப்பிடு, அம்மாவுக்குத் தெரிய வேணாம், அம்மா திட்டும்னாங்க. தினம் சாயங்காலம் கேட் கிட்ட வந்து சாப்பிட்டியா சாப்பிட்டியான்னு கேட்டாங்க. நான் சாப்பிட்டேன்னு சொன்னேன்."

"ஏன்டி சாப்பிடல?"

ஊசி போட்ட இடத்தைத் தடவிக்கொண்டாள்.

"நீதானேம்மா வேணாம்னு சொன்ன. ப்ளேட் பொய் சொல்லாதுன்னு சொன்ன."

ஜெயக்கொடி எனக்குச் செய்தது துரோகம்தான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லும் தைரியம் இல்லாமல், பள்ளிக்கூட வாசலில் போய் நின்று, என் குழந்தையின் உயிரை ஒரு ஜியாமெட்ரி பாக்ஸில் ஒளித்துவைத்தாள். ஆனால் அந்தக் குழந்தை எங்கள் இருவரில் யாரை நம்புவது என்று யோசித்து, என்னை நம்பியிருக்கிறது.

"அம்மா, திட்டப்போறியா?" என்றாள் தபீதாள்.

இல்லை என்று தலையாட்டினேன். அவள் கையை நீட்டினாள், பிடித்துக்கொண்டேன். அடுத்த ஊசிக்கு இன்னும் இருபத்தொரு நாள் இருந்தது.